இலையின் வயசும் மெழுகின் வயசும்

(பண்ணை நேயர்களுக்கான வானொலி உரை)



சேம்பு இலையில் தண்ணீர் விட்டுப் பார்த்திருப்பீர்கள். ஒட்டாது. முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். தாமரை இலையும் அப்படித்தான். முட்டைக்கோஸ் இலையை விரலால் தேய்த்தால் சாம்பல் பூத்தது போல வெளுப்பாக ஒன்று ஒட்டும். அதுதான் இலை மெழுகு. பயிருக்கு மருந்து தெளிக்கும்போது ஒட்டும் திரவம் கலக்கச் சொல்கிறோமே, எதற்காக? இந்த மெழுகு மருந்தை வழுக்கி விட்டுவிடும் என்பதற்காகத்தான். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற இலைகளைச் சொன்னேன். தெரியாத இலைகளிலும் மெழுகு உண்டு. நெல், சோளம், வேம்பு, புளி என்று எந்த இலையை எடுத்தாலும் மெல்லிய பூச்சாக இருக்கும்.

செடி இதைத் தனக்காகத்தான் பூசிக்கொள்கிறது. உள்ளே இருக்கிற ஈரம் வெயிலில் வற்றிப் போகாமல் காக்கிற மேல்துணி அது.

இலை உதிர்கிறது, மக்குகிறது. சர்க்கரையையும் மாவுச் சத்தையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் முதலில் தின்று தீர்த்துவிடும். மெழுகு அவ்வளவு லேசில் போகாது. தண்ணீரில் கரையாது. களிமண் துகளோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டதில் ஒரு பகுதி பல நூறு வருஷம், சில இடங்களில் ஆயிரக்கணக்கான வருஷம்கூட மண்ணுக்குள்ளேயே கிடக்கும்.

அந்த மெழுகின் வயசைக் கண்டுபிடித்தால் நமக்கு என்ன தெரியும்? ஒரு நிலம் தன் கரிச்சத்தை எவ்வளவு காலம் தன்னிடம் பிடித்து வைத்திருந்தது என்று தெரியும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசப்போகிறேன். கதை நடந்த இடம் கடல் தாண்டி ரொம்ப தூரத்தில் இருக்கிறது. ஆனால் காட்டை வெட்டிக் கழனியாக்கி, மண்ணை நம்பிப் பிழைத்த விவசாயிகளின் கதைதான் அது.

வரவு நின்ற கணக்கு

முதலில் வயசு பார்க்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

செடி கொடி எல்லாம் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் உடம்பை வளர்க்கின்றன. அந்த வாயுவில் சாதாரணக் கரியோடு கார்பன்-14 என்ற ஒரு வகையும் மிக மிகக் கொஞ்சம் கலந்திருக்கும். லட்சம் கோடிக் கரி அணுக்களை எண்ணினால் அதில் ஏறக்குறைய ஒன்று, அவ்வளவுதான். விண்வெளியிலிருந்து வருகிற கதிர்கள் மேல் காற்றில் வந்து மோதுகிறபோது, அங்குள்ள நைட்ரஜனிலிருந்து இது புதிது புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது.

செடி உயிரோடு இருக்கிற வரைக்கும் இந்தக் கார்பன்-14 வந்துகொண்டே இருக்கும். செத்துவிட்டால் வரவு நின்றுபோகும். செலவு மட்டும் நடக்கும். 5,730 வருஷத்தில் இருந்தது பாதியாகும். இன்னொரு 5,730 வருஷத்தில் அந்தப் பாதியில் பாதியாகும். வரவு நின்றுபோன ஒரு வீட்டுக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு எவ்வளவு என்று பார்த்தால், வரவு எப்போது நின்றது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் அல்லவா? அதே மாதிரிதான். சுமார் 50,000 வருஷம் வரைக்கும் இப்படி வயசு சொல்ல முடியும்.

இந்த முறையை 1949-ல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லார்ட் லிப்பி என்ற வேதியியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் உலகத்துக்குச் சொன்னார்கள். அதற்காக லிப்பிக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு பொருளுக்கு வயசு பார்க்க வேண்டுமானால் அதிலிருந்து சில கிராம் கரியாவது வேண்டும். பிறகு 1970-களின் கடைசியில், கார்பன்-14 அணுக்களை நேரடியாகவே எண்ணுகிற இயந்திரம் வந்தது. அதற்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான கரி போதும். 1990-களில் டிமோத்தி எக்ளின்டன் என்ற விஞ்ஞானியும் அவரோடு இருந்தவர்களும், சேற்றிலிருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, அதற்கு மட்டும் வயசு பார்க்கிற வழியை உண்டாக்கினார்கள். இலை மெழுகுக்கு வயசு பார்ப்பது அப்படித்தான் சாத்தியமாயிற்று.

ஏரிச் சேறு ஒரு அடுக்கு

ஏரியில் வண்டல் எப்படிச் சேருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் சுற்றுப்புறத்து மண்ணெல்லாம் கரைந்து வந்து அடியில் படியும். அடுத்த மழைக்கு அதன்மேல் இன்னொரு படிவு. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. யாரும் தூர் வாராத ஏரியாக இருந்தால் அந்த அடுக்கு கலையாமல் ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே இருக்கும்.

விஞ்ஞானிகள் மிதவையில் போய், நீளமான குழாயைச் சேற்றுக்குள் நேராக இறக்கி, கரும்புத் துண்டு போலச் சேற்றை அப்படியே உருவி எடுப்பார்கள். பிறகு அதை வில்லை வில்லையாக நறுக்குவார்கள். ஒவ்வொரு வில்லையிலும் இரண்டு பொருளைத் தேடுவார்கள்.

ஒன்று, தரைச் செடியின் இலைத்துண்டு, குச்சி, விதை. சேற்றைச் சல்லடையில் போட்டு அலசினால் கிடைக்கும். இன்னொன்று, மண்ணோடு கலந்து வந்த மெழுகு. இது கண்ணுக்குத் தெரியாது. கரைப்பான் திரவம் ஊற்றிக் கரைத்து, படிப்படியாகச் சுத்தம் செய்து பிரிக்க வேண்டும்.

இலைத்துண்டு என்றால் ஏன் தரைச் செடியாகவே இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களில் ஏரித் தண்ணீரில் பாறையின் பழைய கரி கரைந்திருக்கும். தண்ணீருக்குள் வளர்கிற பாசியும் செடியும் அதைச் சாப்பிட்டு, நேற்று முளைத்ததுகூடப் பல நூறு வருஷக் கிழமாகக் கணக்கில் தெரியும். தரைச் செடி காற்றிலிருந்து மட்டும் வாங்குவதால் அந்த வம்பு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரே வில்லைச் சேற்றில் கிடைத்த இலைத்துண்டுக்கும் மெழுகுக்கும் தனித்தனியே வயசு பார்த்தால், இரண்டும் ஒன்றாக இருக்காது. மெழுகுதான் மூத்ததாக இருக்கும்.

ஏன்? இலைத்துண்டு மண்ணில் ரொம்ப நாள் கிடந்தால் மக்கிப் போய்விடும். ஆகவே முழுசாக ஏரியில் கிடைக்கிற இலை, உதிர்ந்த சூட்டோடு காற்றிலோ வெள்ளத்திலோ வந்து விழுந்ததுதான். அதன் வயசு அந்தச் சேற்றின் வயசு. மெழுகு அப்படி இல்லை. அது மண்ணில் தங்கி, களிமண்ணோடு ஒட்டிக் கிடந்து, என்றைக்கோ ஒரு நாள் மண் அரித்தபோது ஏரிக்கு வந்தது.

கணக்குக்காக ஒரு உதாரணம் சொல்கிறேன். இலைத்துண்டின் வயசு 2,000 வருஷம், மெழுகின் வயசு 3,500 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,500 வருஷம். அத்தனை காலம் சராசரியாக அந்த மெழுகு மண்ணில் தங்கியிருந்தது என்று அர்த்தம்.

நெல் குதிரை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். வருஷா வருஷம் காலியாகிற குதிரில் இருந்து ஒரு பிடி அள்ளினால் அது போன அறுப்பு நெல்லாகத்தான் இருக்கும். தலைமுறையாக அடி காணாத குதிரில் அடி வாய் திறந்தால் பழைய நெல் வரும். கையில் வந்த நெல்லின் வயசே குதிரின் வளத்தைச் சொல்லிவிடும். மண்ணும் ஒரு குதிர்தான். மெழுகு அதிலிருந்து கொட்டிய நெல்.

மாயா விவசாயிகள்

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இடம் நடு அமெரிக்கா. மெக்சிகோ நாட்டின் யுகடான் பகுதியும் அதற்குத் தெற்கே குவாத்தமாலா நாட்டின் பெத்தேன் பகுதியும் சேர்ந்த தாழ்நிலம். சுண்ணாம்புப் பாறையின்மேல் படிந்த மண். வெப்ப நாட்டுக் காடு. அங்கே வாழ்ந்த மாயா மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி பயிர் செய்தார்கள். கல்லில் பெரிய கோயில்களும் நகரங்களும் கட்டினார்கள். பெத்தேனில் உள்ள டிகால் நகரத்தின் கோபுரங்கள் இன்றைக்கும் காட்டுக்கு மேலே தலை தூக்கி நிற்கின்றன.

சுமார் 4,000 வருஷத்துக்கு முன்னே அவர்கள் காட்டை வெட்ட ஆரம்பித்தார்கள். ஏரிச் சேற்றில் உள்ள மகரந்தத் தூளே இதற்குச் சாட்சி. காட்டு மரங்களின் மகரந்தம் குறைகிறது, மக்காச்சோளத்தின் மகரந்தம் தலைகாட்டுகிறது. காடு போனதும் மண் ஓடிற்று. பெத்தேனில் உள்ள சல்பெத்தேன் ஏரியில் அந்தக் காலத்துக் களிமண் படிவு சில இடங்களில் 7 மீட்டர் கனம் இருக்கிறது. ஏறக்குறைய 23 அடி. ஒரு கிணற்றுக்குள் பாதி ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 'மாயா களிமண்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

2007-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று அந்த ஏரிக்கு எவ்வளவு மண் வந்தது என்று அளந்து சொன்னது. மண் அதிகமாக ஓடிய காலத்தில், ஏக்கருக்கு வருஷம் சராசரியாக 4 டன் கணக்கில் போயிருக்கிறது. அதுவும் எப்போது? ஜனம் நிறைந்து, நகரங்கள் உச்சத்தில் இருந்தபோது அல்ல. அதற்கு முன்னாலேயே, கி.மு. 700-லிருந்து கி.பி. 250 வரைக்கும், ஜனம் குறைவாக இருந்த காலத்தில். முதல் வெட்டுத்தான் பெரிய சேதம் செய்திருக்கிறது. கொஞ்சம் பேர்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கி.பி. 800-க்குப் பிறகு அந்த நகரங்கள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. டிகாலில் தேதி பொறித்த கடைசிக் கல் கி.பி. 869-ல் நாட்டியது. மாயா மக்கள் அழிந்துவிடவில்லை, இன்றைக்கும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். ஆனால் அந்தத் தாழ்நிலத்துப் பட்டணங்களை விட்டு ஜனம் போய்விட்டது. காடு திரும்ப வந்தது. பெத்தேன் பகுதியில் காடு மீண்டும் எழும்ப 80 முதல் 260 வருஷம் ஆயிற்று என்று 2010-ல் வெளியான ஏரிச் சேற்று ஆராய்ச்சி சொல்கிறது. மனுஷக் கணக்கில் மூன்று முதல் பத்துத் தலைமுறை.

காடு திரும்பியது, மண்?

இனிமேல்தான் முக்கியமான சேதி. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் டக்ளஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2018-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சிச்சன்கனாப், சல்பெத்தேன், இட்சான் என்று மூன்று ஏரிகளின் சேற்றை எடுத்து, அடுக்கு அடுக்காக இலைத்துண்டின் வயசையும் மெழுகின் வயசையும் ஒப்பிட்டார்கள். ஏரியைச் சுற்றியுள்ள மண்ணிலும் மெழுகு எடுத்துப் பார்த்தார்கள். ஏரிக்கு வருகிற மெழுகு ஆழ்மண்ணில் உள்ள கரிச்சத்தின் வயசைத்தான் காட்டுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

மூன்று ஏரியும் ஒரே கதையைத்தான் சொல்லின. கடந்த 3,500 வருஷத்தில், மெழுகு மண்ணில் தங்குகிற காலம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எவ்வளவு குறைந்தது என்பது ஏரிக்கு ஏரி வேறு: 800 வருஷத்திலிருந்து 2,300 வருஷம் வரைக்கும். காடு வெட்டிய அடையாளமும் இந்தக் குறைவும் சேர்ந்தே வருகின்றன. அதாவது, முன்பெல்லாம் கரிச்சத்தை ஆயிரக்கணக்கான வருஷம் பிடித்து வைத்திருந்த மண், அப்புறம் அதைச் சீக்கிரம் சீக்கிரமாக விட்டுவிட ஆரம்பித்தது. அடி காணாத குதிர், அடி தெரிகிற குதிராகிவிட்டது.

சரி, ஜனம் போய்க் காடு திரும்பிய பிறகு? அங்கேதான் மனசு கனக்கிறது. மெழுகு தங்குகிற காலம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. சுமார் ஆயிரம் வருஷமாக அங்கே காடு நிற்கிறது. இலை உதிர்கிறது, மக்குகிறது, மேல் மண் கறுப்பாக இருக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஆழ்மண் இழந்த பலம் வரவில்லை.

மேலே நிற்கிற மரத்தை வைத்து மண்ணை மதிப்பிடக்கூடாது என்பது இதிலிருந்து கிடைக்கிற பாடம். மரம் தலைமுறைக் கணக்கில் வளர்கிறது. களிமண்ணோடு கரி ஒட்டி நிலைப்பது ஆயிரம் வருஷக் கணக்கு.

மழைக் கணக்கிலும் ஒரு திருத்தம்

இலை மெழுகால் இன்னொரு உபயோகமும் உண்டு. மெழுகில் உள்ள ஹைட்ரஜன், செடி குடித்த தண்ணீரிலிருந்து வந்தது. அதில் கனமான வகை எவ்வளவு, லேசான வகை எவ்வளவு என்று பார்த்து, அந்தக் காலத்தில் மழை தாராளமாகப் பெய்ததா, காய்ந்ததா என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். மாயா நகரங்கள் சரிந்த காலத்தில் கடுமையான வறட்சி வந்தது என்பதற்கு 1995-லேயே சிச்சன்கனாப் ஏரியின் சேறு சாட்சி சொன்னது. ஏரி வற்றினால் ஜிப்சம் படியும். அந்தக் காலத்து அடுக்கில் ஜிப்சம் மிகுந்திருந்தது.

மழைக் கணக்கை மெழுகிலிருந்து எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். மெழுகு கிடந்த சேற்றுக்கு இலைத்துண்டை வைத்துத் தேதி போட்டு, அதே தேதியை மெழுகுக்கும் போட்டால் தப்பாகிவிடும். மெழுகு பல நூறு வருஷம் முந்தியது. அது சொல்கிற மழையும் முந்திய காலத்து மழைதான். தாத்தா எழுதிய கடிதம் பேரன் வீட்டுப் பெட்டியில் கிடைத்தால், அதில் உள்ள சேதி பேரன் காலத்துச் சேதி ஆகிவிடுமா? ஆகாது. அதனால்தான் மெழுகுக்கென்று தனியாக வயசு பார்க்க வேண்டியிருக்கிறது. சிச்சன்கனாப், சல்பெத்தேன் ஏரிகளில் அப்படித் தனி வயசு பார்த்துத்தான் மழைக் கணக்கைத் திருத்தி எழுதினார்கள்.

இது நமக்கு எதுக்கு?

'ஐயா, மாயா மக்கள் கதை நல்லாத்தான் இருக்கு. என் ரெண்டு ஏக்கருக்கு இதனால என்ன?' என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

மண் பரிசோதனை அட்டையில் அங்கக கார்பன் என்று ஒரு வரி இருக்கும். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேலே இருந்தால் அதிகம் என்று போடுவார்கள். தழை, மணி, சாம்பல் சத்தைப் பார்க்கிற அக்கறையில் பாதியாவது அந்த வரிக்குக் கொடுங்கள். இன்றைக்கு நான் சொன்ன கரிச்சத்து அதுதான்.

அந்தக் கரிச்சத்தில் இரண்டு விதம் உண்டு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தொழு உரம், தழை உரம் என்று நாம் போடுவது. அதில் பெரும்பகுதி பயிருக்குச் சத்தைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே காற்றோடு போய்விடும். ஆகவே வருஷா வருஷம் போட வேண்டும். போன வருஷம்தானே போட்டேன் என்று விட்டுவிடக்கூடாது. இன்னொன்று, களிமண்ணோடு ஒட்டிக் காலம் காலமாக இருப்பது. அதை நாம் வாங்கிப் போட முடியாது. எந்தக் கடையிலும் மூட்டையில் கிடைக்காது. இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும்.

காப்பாற்றுவது என்றால் மண்ணை ஓடவிடாமல் இருப்பது. உங்களுக்குத் தெரிந்த வேலைகள்தான். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், சரிவோடு உழாதீர்கள். வரப்பை மழைக்கு முன்னே சரி செய்யுங்கள். உடைப்பு எடுத்த இடத்தைப் போனால் போகிறது என்று விடாதீர்கள். தாளையும் சருகையும் கொளுத்தாமல் மடக்கி உழுங்கள். முதல் மழைக்கு நிலம் வெறுமையாகக் கிடக்காமல் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்துவிடுங்கள். புதிதாக மேட்டு நிலத்தைத் திருத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். முதல் வெட்டிலேயே அதிக மண் போகும் என்பதைத்தான் சல்பெத்தேன் ஏரி சொல்கிறது. மரத்தையும் புதரையும் எடுக்கிறதற்கு முன்னாலே வரப்பு போட்டுவிடுங்கள். எடுத்த பிறகு போடலாம் என்றால், அந்த ஒரு மழையிலேயே போய்விடும்.

அந்த மாயா விவசாயிகளை நாம் குறை சொல்லக்கூடாது. பிள்ளைகளுக்குச் சோறு போடத்தான் காட்டை வெட்டினார்கள். சில இடங்களில் மலைச்சரிவில் கல் அணை கட்டிப் படிக்கட்டு நிலமாக்கி, மண்ணைப் பிடித்து நிறுத்தவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆழ்மண்ணில் என்ன நடக்கிறது என்று பார்க்க அவர்களிடம் கருவி இல்லை. நம் காலத்தில் கருவி வந்துவிட்டது. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான மெழுகை வைத்துக்கொண்டு ஆயிரம் வருஷக் கணக்கைப் படிக்க முடிகிறது. தெரிந்த பிறகும் விட்டுவிட்டால் குற்றம் நம்முடையது.

அடுத்த மழையில் உங்கள் வயலிலிருந்து வெளியேறுகிற தண்ணீரை ஒரு செம்பில் பிடித்து, திண்ணையில் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். அது வெறும் சேறு இல்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முந்திய இலைகளின் கரிச்சத்து அதில் இருக்கிறது. அதை வயலிலேயே நிறுத்தி வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.